குழுப் பாடம்: ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ – குழுவில் புதிய யோசனையை வளர்ப்பது எப்படி?



சேமிப்பு, உள்கடன், கணக்கு என்று பல பாடங்களை நாம் பார்த்திருக்கிறோம். இந்த முறை பதிவேட்டில் வராத ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறோம். குழுவில் ஒருவர் “இப்படிச் செய்தால் என்ன?” என்று கேட்கிறார். அதற்கு நாம் என்ன பதில் சொல்கிறோம்? இதுதான் பாடம்.

பாடத்தை எங்களுடைய தவறிலிருந்தே தொடங்குகிறோம்.

அன்றைய கூட்டத்தில் நடந்தது

அடி அண்ணாமலை நம் எல்லோருக்கும் தெரிந்த ஊர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கம், ஆதி அண்ணாமலையார் கோயில் இருக்கிற இடம். ராஜகோபுரத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் இங்கு வந்து சேரும்போது ஏறக்குறைய பாதி வழியைக் கடந்திருப்பார்கள்.

இங்குள்ள ஒரு குழுவில் 14 உறுப்பினர்கள். (குழுவின் பெயரையும் உறுப்பினர் பெயர்களையும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி எழுதவில்லை.) சேர்ந்து முறுக்கு சுட்டு, அரைக்கிலோ பாக்கெட் போட்டு, பௌர்ணமி இரவில் பாதை ஓரம் மேசை போட்டு விற்றுவந்தார்கள். முறுக்கு நல்ல முறுக்கு. ஆனால் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். “விலையைக் குறைக்கலாமா, எண்ணெயை மாத்தலாமா?” என்று மாதாமாதம் இதே பேச்சு.

ஒரு கூட்டத்தில், குழுவில் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு மருமகள் வாயைத் திறந்தார். எப்போதும் வாசற்படி ஓரம் உட்காருகிற பெண்.

“அக்கா, இங்க வர்றவங்க பாதி மலை நடந்து வர்றாங்க. கால்ல செருப்புகூட இல்ல. அரைக்கிலோ பொட்டலத்தைத் தூக்கிட்டு மிச்ச தூரம் யாரு நடப்பாங்க? நின்னு சாப்பிடுற மாதிரி சூடா சுண்டல் குடுத்தா என்ன?”

ஒரு மூத்த உறுப்பினர், “வழி முழுக்க அன்னதானம் போடுறாங்க. காசு குடுத்து சுண்டல் வாங்குவாங்களா? நேத்து வந்தவ நீ, எங்களுக்கு வியாபாரம் சொல்லித் தர்றியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர், “முதல்ல போன மாச சந்தா பாக்கியைக் கட்டும்மா” என்றார். மறுபடியும் சிரிப்பு.

நாங்களும் அங்கேதான் இருந்தோம். மாத அறிக்கை முடிக்கும் அவசரத்தில், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “அது அப்புறம் பார்த்துக்கலாம்மா” என்றோம்.

அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. அடுத்த ஐந்து கூட்டங்களில் அந்தப் பெண் சந்தாவைக் கொடுப்பார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறாவது கூட்டத்துக்கு வரவில்லை. “குழுவே வேணாம், பேரை எடுத்துடுங்க” என்று சொல்லி அனுப்பினார். அதே வாரம்தான், திரும்பி வந்த முறுக்கு காறல் வாடை அடித்து நான்கு கிலோவை மாட்டுக்குப் போட்டார்கள்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தப் பெண் சொன்னது சரியா தப்பா என்று யாருமே பார்க்கவில்லை. பார்க்காமலே ஒரு யோசனையையும் இழந்தோம், ஓர் உறுப்பினரையும் இழக்க இருந்தோம்.

யோசனையைக் கொல்லும் ஆறு வாக்கியங்கள்

யோசனை முளைவிட்ட விதை மாதிரி. மிதித்தால் சத்தம்கூட வராது. நாம் அடிக்கடி மிதிக்கும் விதங்கள் இவை. உங்கள் குழுவில் எது அதிகம் என்று பாருங்கள்.

1. “இதெல்லாம் நமக்கு ஒத்துவராது.”
2. “நாங்க பார்க்காததா?”
3. “ஊர்ல என்ன சொல்லுவாங்க?”
4. “முதல்ல உன் பாக்கியைக் கட்டு.”
5. “அப்புறம் பார்த்துக்கலாம்.”
6. “நீதானே சொன்னே, நீயே செய்.”

முதல் ஐந்தும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆறாவது, கேட்பதற்குச் சம்மதம் போல இருக்கும். ஆனால் யோசனை சொன்னதற்குத் தண்டனையாக முழு வேலையையும் ஒருத்தி தலையில் கட்டிவிட்டால், அடுத்த முறை அவள் வாய் திறப்பாளா?

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த வாக்கியங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்து விழுவதில்லை. ஊக்குநர் ஒரு யோசனை சொன்னால் தலையாட்டுகிறோம். புதிதாகச் சேர்ந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், கடன் பாக்கி உள்ளவர், தெருக்கோடியிலிருந்து வருகிறவர் சொன்னால் சிரிக்கிறோம். ஆனால் கோளாறை முதலில் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள்தான். அந்த மருமகள்தான் பௌர்ணமிதோறும் மேசையில் நின்று விற்றவர். வாங்காமல் போகிறவர்களின் முகத்தைப் பார்த்தவரும் அவர்தான்.

மும்பையில் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும்

இப்போது கொஞ்சம் தூரம் போய் வருவோம். லிஜ்ஜத் அப்பளம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1959 மார்ச் 15 அன்று, மும்பை கிர்காம் பகுதியில், ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். முதலீடு 80 ரூபாய். அதுவும் சகன்லால் கரம்சி பரேக் என்ற சமூக சேவகரிடம் வாங்கிய கடன். முதல் நாள் நான்கு பாக்கெட். நஷ்டம் வந்தாலும் நன்கொடை வாங்குவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டார்கள்.

முதல் வருடமே ஒரு பெரிய சிக்கல். மழை! வெயில் இல்லாவிட்டால் அப்பளம் காயுமா? வடகம் போடும் நமக்குத் தெரியாததா? நான்கு மாதம் வேலையை நிறுத்தினார்கள். “மழைக்காலத்தில் அப்பளம் போட முடியாது” என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். அதோடு விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்த வருடம் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். அப்பளத்தைக் கட்டிலின் மேல் பரப்பி, அடுப்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக் காயவைத்தார்கள். அவ்வளவுதான்! எந்த இயந்திரமும் இல்லை, எந்த அதிகாரியும் வந்து சொல்லித் தரவில்லை. வருடத்தில் நான்கு மாதம் படுத்துக் கிடந்த தொழில் எழுந்து நின்றது.

யோசித்துப் பாருங்கள். ‘கட்டிலுக்கு அடியில் அடுப்பு’ என்று நம் குழுவில் ஒருவர் சொன்னால் என்ன செய்வோம்? “வீட்டைக் கொளுத்தப் போறியா?” என்று சிரிப்போமா, “சரி, ஒரு நாள் வச்சுப் பார்ப்போம்” என்போமா?

இன்று 45,000 பெண்களுக்கு மேல் அந்த நிறுவனத்தில் உறுப்பினர்கள். தொடங்கிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவர்கள் தொட்டதெல்லாம் துலங்கியது என்று நினைக்காதீர்கள். 1970-களின் கடைசியில் தீப்பெட்டி, ஊதுபத்தி, தோல் பொருள் என்று இறங்கிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. ஆனால் அப்பளம் நின்றுவிடவில்லை.

நம் குழுவே ஒரு சோதனைதான்

“பெரிய இடத்தில் நடக்கும், நமக்கு ஒத்துவருமா?” என்று சிலர் கேட்கலாம். நம் சுய உதவிக் குழு முறையே ஒரு காலத்தில் புது யோசனைதான். நமக்குப் பக்கத்து மாவட்டமான தர்மபுரியில், 1989-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு குழுக்களைத் தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைத்துக் கடன் கொடுத்துப் பார்த்தது. சொத்து ஈடு இல்லாமல் ஏழைப் பெண்களுக்குக் கடனா என்று சந்தேகப்பட்டவர்கள் பலர். நபார்டு என்ன செய்தது? நாடு முழுவதும் ஒரேயடியாகத் தொடங்கவில்லை, வேண்டாம் என்று ஒதுக்கவும் இல்லை. முதலில் 500 குழுக்களை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்த்தது. அந்தச் சோதனை தேறியதால்தான் இன்று நீங்களும் நாங்களும் இந்தச் செய்தி மடலில் சந்திக்கிறோம்.

சின்னதாகச் சோதித்துப் பார்ப்பது பயந்தவர்கள் செய்கிற வேலை இல்லை. அவ்வளவு பெரிய வங்கியே அப்படித்தான் செய்தது.

மறுபடியும் அடி அண்ணாமலை

முதலில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். மாமியாரும் இருந்தார். “அன்னைக்கு நாங்க கேட்டிருக்கணும், தப்பு எங்க மேல” என்றோம். அடுத்த கூட்டத்துக்கு மாமியாரே கூட்டிக்கொண்டு வந்து விட்டார். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அதையே திரும்பச் சொன்னோம். பிறகு அவருடைய யோசனையை எடுத்து, தீர்மான நோட்டில் இப்படி எழுதினோம்:

‘வரும் பௌர்ணமிக்கு மூன்று கிலோ கொண்டைக்கடலை மட்டும் போட்டுச் சுண்டல் விற்றுப் பார்ப்பது. தொழில் லாபத்திலிருந்து 650 ரூபாய் வரை செலவு செய்யலாம். முழுவதும் போனாலும் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. பொறுப்பு மூன்று பேர்.’

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், இலைத் தொன்னை வாங்கினார்கள். முறுக்குக்காக உணவுப் பாதுகாப்புத் துறையில் செய்த பதிவு சுண்டலுக்கும் செல்லுமா என்று போய்க் கேட்டுக்கொண்டார்கள்.

என்ன நடந்தது? ஜெயிக்கவில்லை! இரவு பத்து மணி வரை நன்றாக ஓடியது. ஒரு மணிக்கு மேல், தேங்காய் போட்டுக் கலந்து வைத்த சுண்டல் புளித்துவிட்டது. 19 தொன்னை அளவு கொட்ட வேண்டியதாயிற்று. ஒரு தொன்னை 15 ரூபாய் வீதம் 41 தொன்னை விற்று வந்தது 615 ரூபாய். செலவு 650. நஷ்டம் 35 ரூபாய்.

“நான் அப்பவே சொன்னேன்ல?” என்று ஒரு குரல் எழுந்தது. ஊக்குநர் தீர்மான நோட்டை எடுத்து, ‘யாரும் யாரையும் குறை சொல்வதில்லை’ என்ற வரியைச் சத்தமாகப் படித்தார். குரல் அடங்கியது. பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். எது நன்றாக நடந்தது? எது கெட்டது? வாங்க வந்தவர்கள் என்ன கேட்டார்கள்?

“41 பேர் காசு குடுத்து வாங்கினாங்க. அன்னதானம் போட்டாலும் எல்லாரும் வரிசையில நிக்கிறதில்ல” என்றார் விற்றவர்களில் ஒருவர். “குடிக்க சூடா ஏதாவது இருக்கான்னு நிறைய பேரு கேட்டாங்க” என்றார் இன்னொருவர்.

அதுவரை பேசாமல் இருந்த மூத்த உறுப்பினர், அன்று “நேத்து வந்தவ” என்று சொன்னவரேதான், வாயைத் திறந்தார்: “கடலையை ரெண்டு தடவையா வேகவைங்க. பாதி சாயங்காலம், பாதி ராத்திரி பதினோரு மணிக்கு. தேங்காயை முன்னாடியே போடாதீங்க, குடுக்கிறப்போ மேல தூவுங்க. சுக்கு மல்லி நான் போட்டுத் தர்றேன். கல்யாண வீட்டுல நூறு பேருக்குப் போட்ட கை இது.”

அடுத்த பௌர்ணமிக்குச் சுண்டல் 58 தொன்னை போனது. சுக்கு மல்லி 45 டம்ளர், டம்ளர் பத்து ரூபாய். எவர்சில்வர் டம்ளர்தான், கழுவ ஒரு பெரிய குண்டானில் வெந்நீர். வரவு 1,320 ரூபாய், செலவு 850, லாபம் 470. பெரிய பணம் இல்லை. ஆனால் மாட்டுக்குப் போட்ட முறுக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முறுக்கையும் விடவில்லை. இப்போது தீபாவளி, சீமந்தம் போன்ற விசேஷங்களுக்கு ஆர்டர் வாங்கி மட்டும் சுடுகிறார்கள்.

இளையவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். மூத்தவர் கைப்பழக்கத்தால் அதைச் சரி செய்தார். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இது நடந்திருக்காது. புது யோசனையை ஆதரிப்பது என்றால் பெரியவர்களை ஓரங்கட்டுவது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் சொன்ன தடையில் பெரும்பாலும் ஓர் உண்மை இருக்கும். ‘சுண்டல் விற்காது’ என்பது தப்பாகப் போனது. ஆனால் சமையலில் எது எப்போது கெடும் என்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

உங்கள் குழுவில் செய்ய ஆறு படிகள்

1. நேரம் ஒதுக்குங்கள். மாதத்தில் ஒரு கூட்டத்தில், வருகைப் பதிவு முடிந்தவுடன் 15 நிமிடம் ‘யோசனை நேரம்’. எல்லோரும் எழுந்து புறப்படும் கடைசி நேரத்தில் வைக்காதீர்கள். சந்தா, கடன் பேச்சு அந்த நேரத்தில் வேண்டாம்.

2. பொறுப்பாளர்கள் கடைசியில் பேசுங்கள். ஊக்குநரும் பிரதிநிதிகளும் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்தவரிலிருந்து தொடங்கி வட்டமாக வாருங்கள். ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்பதும் சரியான பதில்தான்.

3. முதலில் கேள்வி, அப்புறம் கருத்து. யாருக்கு இது உதவும்? என்ன செலவு? எத்தனை பேர் வேண்டும்? எங்கே சிக்கல் வரும்? இந்த நான்கையும் கேட்டு முடிக்கும் வரை ‘முடியும்’, ‘முடியாது’ என்ற பேச்சு வேண்டாம்.

4. சின்னதாகச் சோதியுங்கள். ஒரு சந்தை நாள், ஒரு பௌர்ணமி, ஒரு படி மாவு. எவ்வளவு போனால் தாங்குவோம் என்று முன்கூட்டியே ஒரு தொகை முடிவு செய்யுங்கள். அந்தப் பணம் தொழில் லாபத்திலிருந்து வரட்டும். உறுப்பினர் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சோதனைக்குத் தொடாதீர்கள்.

5. தீர்மான நோட்டில் எழுதுங்கள். யோசனை சொன்னவர் பெயர், தொகை, தேதி, பொறுப்பாளர்கள். பெயர் எழுதுவது முக்கியம். பிறகு அது ‘ஊக்குநர் யோசனை’ என்றோ ‘நிறுவனத்தார் சொன்னது’ என்றோ மாறிவிடக் கூடாது. வேலையைப் பலர் பிரித்துக்கொள்ளுங்கள்.

6. கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். தொடரலாம், மாற்றிச் செய்யலாம், அல்லது நிறுத்தலாம். நிறுத்தினால், சொன்னவரைப் பார்த்து ஒரு வார்த்தை: “நீ சொன்னதால ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டோம். இன்னும் சொல்லு.”

ஓர் எச்சரிக்கை

“புதுசு” என்று வருவதெல்லாம் நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. வெளியாள் ஒருவர் வந்து, “பணம் போடுங்க, சில மாசத்துல ரெட்டிப்பாகும், ஆள் சேர்த்தா கமிஷன்” என்றால் அது யோசனை அல்ல, பொறி. ஒரே சோதனையால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். நல்ல யோசனை சின்னதாகச் செய்து பார்க்க இடம் கொடுக்கும், கேள்வி கேட்டால் பதில் சொல்லும். மோசடியோ “இன்னைக்கே முடிவு பண்ணுங்க, முழுசாப் போடுங்க, யார்கிட்டேயும் சொல்லாதீங்க” என்று அவசரப்படுத்தும். அப்படி யாராவது வந்தால் கூட்டமைப்புக்குத் தகவல் சொல்லுங்கள்.

குழுவில் கலந்து பேச

• கடந்த ஆறு மாதத்தில் நம் குழுவில் யாராவது ஒரு புதிய யோசனை சொன்னார்களா? அதற்கு என்ன ஆயிற்று?
• கடந்த மூன்று கூட்டங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாதவர் யார்? அவர் ஏன் பேசவில்லை?
• ஆறு வாக்கியங்களில் நம் குழுவில் அதிகம் கேட்பது எது?
• அடுத்த மாதம் நாம் சின்னதாகச் சோதித்துப் பார்க்கக்கூடியது எது? எவ்வளவு தொகை வரை?

எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். பேசி முடித்ததும், நான்காவது கேள்விக்கான பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, நாங்கள் வரும்போது காட்டுங்கள். சோதனை தோற்றிருந்தாலும் காட்டுங்கள். அதையும் கேட்போம்.

சகோதரிகளே, ஊர் கூடித் தேர் இழுக்கிறோம். வடத்தின் முன்னால் இருப்பவர் குரல் எல்லோருக்கும் கேட்கும். சக்கரத்துக்கு அடியில் கல் கிடப்பது பக்கத்தில் நடப்பவருக்குத்தான் தெரியும். அவர் “நிறுத்துங்க” என்று கத்தினால் திரும்பிப் பார்க்கிறோம் அல்லவா? குழுவிலும் அப்படியே திரும்பிப் பார்ப்போம்.

அந்த மருமகள் இப்போது வாசற்படி ஓரம் உட்காருவதில்லை. நாங்களும் யாராவது பேசும்போது பதிவேட்டை மூடி வைத்துவிடுகிறோம்.

வாழ்த்துகளுடன்,
கள ஒருங்கிணைப்பாளர்கள்